பெயரில்லாத சிலைகளும் நாம் வைக்கும் பெயர்களும்

பெயர் தெரியாத ஒரு சிலையை மனிதர்கள் நீண்ட காலம் பெயரில்லாமல் விட்டுவைப்பதில்லை. யாராவது ஒருவர் வந்து "இது இன்னார்தான்" என்று சொல்லிவிடுவார். அடுத்தவர் வந்து "அவரில்லை, இவர்" என்பார். மூன்றாமவர் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் புதிதாக ஒரு கதை சொல்வார். நூறு வருடம் கழித்து மூன்று கதைகளில் ஒன்று பாடப்புத்தகத்தில் ஏறிவிடும். மற்ற இரண்டும் வழிகாட்டிகளின் வாயிலும் வட்ஸ்அப்பிலும் வாழும்.

இந்தப் பழக்கம் இன்று கருங்கல்லை விட்டுத் தொடுதிரைக்கும் வந்துவிட்டது. எங்கள் வீடுகளில் தம்பிமார் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடக்கூட எழும்பாமல் இருக்கிறார்களே, அந்த வீடியோ கேம்களைத்தான் சொல்கிறேன். பெற்றோர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கேம் விளையாடுவது நல்லதா கெட்டதா என்ற பழைய விவாதத்துக்கு நான் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் விளையாட்டுக்குள்ளே செய்யும் ஒரு வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அந்த வேலையை நமது பெரியவர்களும் செய்கிறார்கள். சில சமயங்களில் பிள்ளைகளை விட மோசமாகச் செய்கிறார்கள்.

2017இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'செல்டா: பிரெத் ஒஃப் த வைல்ட்' என்ற விளையாட்டில் ஒரு பாலைவனம் வருகிறது. அங்கே கெருடோ என்ற பெண்களின் சமூகம் ஒன்று வாழ்கிறது. அவர்களது நகரத்துக்கு அருகே ஏழு வீராங்கனைகளின் பிரமாண்டமான சிலைகள் வட்டமாக நிற்கின்றன. ஒவ்வொருத்திக்கும் ஒவ்வோர் ஆற்றல். ஆனால் எட்டாவதாக ஒருத்தி இருந்தாள் என்றும், அவளை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றும் ஒரு பாத்திரம் சொல்கிறது. தேடிப்போனால் அந்த எட்டாவது சிலை பாலைவனத்திலே இல்லை. தொலைவில், பனி மூடிய மலைப்பகுதியில் தனியாக நிற்கிறது. அவளுடைய வாள் இன்னோர் இடத்தில் கிடக்கிறது. அவள் யார், ஏன் பிரித்து வைக்கப்பட்டாள் என்பதற்கு அந்த விளையாட்டு நேரான பதில் எதையும் தரவில்லை.

பதில் இல்லாத இடத்தில் ஊகம் முளைக்கும். உலகெங்கும் உள்ள ரசிகர்கள் அந்தச் சிலையை எல்லாப் பக்கத்தாலும் படம் பிடித்தார்கள். ஏழு பேரின் உடையோடு இவளுடைய உடையை ஒப்பிட்டார்கள். துரோகம் செய்ததால் விலக்கப்பட்டவள் என்றார்கள் சிலர். தியாகம் செய்தவள், அவள் நினைவைத் தாங்க முடியாமல் மறைத்துவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். விளையாட்டைத் தயாரித்தவர்கள் கூட இவ்வளவு யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

"வேலை வெட்டி இல்லாதவர்கள்" என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? அப்படியானால் வாருங்கள், பொலன்னறுவைக்குப் போவோம்.

எமது பகுதிப் பாடசாலைகளிலிருந்து கல்விச் சுற்றுலா போகும் எல்லோருக்கும் பழக்கமான இடம் அது. பராக்கிரம சமுத்திரத்தின் கரையில், பொத்குல் விகாரைக்குப் பக்கத்தில், ஒரு பெரிய பாறையில் மனித உருவம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. உயரம் ஏறத்தாழ 11 அடி. தாடி வைத்த ஒரு மனிதர். மேலுடம்பில் ஆடை இல்லை, இடுப்பில் மட்டும் துணி. தலையில் உயர்ந்த ஒரு தலைக்கோலம். இரண்டு கைகளாலும் வளைந்த ஏதோ ஒரு பொருளை நெஞ்சுக்கு முன்னால் பிடித்திருக்கிறார். பக்கத்தில் "இவர் இன்னார்" என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை.

இவர் யார்?

மிகவும் பிரபலமான பதில், 1153 முதல் 1186 வரை ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு மன்னன் என்பது. அந்த நகரத்தைப் பெருப்பித்தவன் அவன். குளம் அவனுடைய பெயரைத் தாங்குகிறது. ஆகவே சிலையும் அவனுடையதே என்பது வாதம். கையில் இருப்பது நுகம், அதாவது ஆட்சிப் பொறுப்பின் பாரம் என்கிறார்கள். இதை மறுப்பவர்கள் கேட்கும் கேள்வியும் நியாயமானது. மன்னன் என்றால் மகுடம் எங்கே, ஆபரணம் எங்கே? இவ்வளவு எளிமையாக இருப்பவர் ஒரு முனிவராகத்தானே இருக்க வேண்டும்? கையில் இருப்பது நுகமல்ல, ஓலைச்சுவடி. 'பொத்' என்றாலே சிங்களத்தில் புத்தகம்தானே, பக்கத்தில் இருந்தது நூலகமாக இருக்கலாமே என்று அவர்கள் வாதிடுகிறார்கள். சரி, முனிவர் என்றால் எந்த முனிவர்? நகரத்தின் பழைய பெயர் புலத்திநகரம் என்பதால் புலஸ்தியர் என்பார் ஒருவர். கபிலர் என்பார் இன்னொருவர். அகத்தியர் என்பார் வேறொருவர்.

இவை தவிர, கையில் இருப்பது பப்பாளித் துண்டு என்று சொல்வோரும் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் இந்த ஊகத்தை மட்டும் நாம் நிச்சயமாகத் தள்ளிவிடலாம். பப்பாளி அமெரிக்கக் கண்டத்துப் பழம். கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகுதான், ஐரோப்பியக் கப்பல்களோடு அது ஆசியாவுக்கு வந்தது. அதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே செதுக்கப்பட்ட ஒருவர் பப்பாளி சாப்பிட்டிருக்க முடியாது. கண்ணுக்கு எவ்வளவு பொருத்தமாகத் தெரிந்தாலும் காலம் இடம் கொடுக்கவில்லை என்றால் ஊகம் விழுந்துவிடும். ஒரு சிறிய தாவரவியல் தகவல் ஒரு பெரிய வாக்குவாதத்தை முடித்துவைக்கிறது. எனக்கு வரலாறு பிடித்துப்போனதற்கு இப்படியான இடங்கள்தான் காரணம்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம் இருக்கிறது. 1960களின் நடுப்பகுதியில் இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட நாணயத்தாள்களில் இந்தச் சிலையின் உருவம் பராக்கிரமபாகு மன்னனாக அச்சிடப்பட்டது. அந்த நாளில் கடைக்குப் போன ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் அந்த ஊகம் இருந்தது. நாணயத்தாளில் அச்சிட்ட பிறகு அதை ஊகம் என்று யார் நினைப்பார்கள்? அறிஞர்கள் இன்றும் விவாதித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை அச்சகம் எப்போதோ முடித்துவைத்துவிட்டது. விளையாட்டு ரசிகனின் ஊகம் அவனுடைய காணொளியோடு நின்றுவிடும். அதிகாரமுள்ள ஓர் இடம் ஊகத்தைக் கையில் எடுத்தால் அது உண்மையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடும்.

தெற்கே வெலிகமவுக்குப் போனால் இன்னொரு பாறைச் சிலை இருக்கிறது. 'குஷ்டராஜகல' என்று பெயர்; குஷ்டரோக அரசனின் கல் என்று அர்த்தம். தோல் நோயோடு வந்த ஓர் அரசன் இங்கே தங்கி, இளநீரும் தேங்காயும் உண்டு குணமடைந்தான், நன்றிக்காகச் சிலை செதுக்கினான் என்பது ஊர்க்கதை. அருமையான கதைதான். ஆனால் சிலையின் மகுடத்தை உற்றுப் பார்த்தவர்கள் அங்கே சிறிய புத்தர் உருவங்கள் செதுக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். மகாயான பௌத்தத்தில் போதிசத்துவர் சிலைகளுக்கு உரிய அடையாளம் அது. ஆகவே இது அரசனல்ல, போதிசத்துவர், பெரும்பாலும் அவலோகிதேஸ்வரர் என்பது இன்று ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் முடிவு. கதை சிலையின் உடம்பைப் பார்த்தது. ஆய்வு மகுடத்தில் உள்ள விரலளவு உருவத்தைப் பார்த்தது.

இதில் வியப்பு என்னவென்றால், கம்போடியாவின் அங்கோர் நகரத்திலும் ஒரு 'குஷ்டரோக அரசன்' இருக்கிறான். கல்லில் பாசி படர்ந்து நிறம் மாறியிருந்ததாலும், விரல்கள் உடைந்திருந்ததாலும் மக்கள் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள் என்று சொல்கிறார்கள். ஆனால் சிலையின் அடியில் உள்ள எழுத்தை வைத்து அது நீதியின் தேவனான யமனுடைய சிலை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இரண்டு நாடுகள், இரண்டு சிலைகள், ஒரே நோய். கல்லுக்கு வந்த காயத்தை மனிதர்கள் கல்லுக்குரியவரின் நோயாக வாசித்துவிட்டார்கள்.

அனுராதபுரத்து இசுருமுனியவில் உள்ள காதலர் சிற்பத்தையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். துட்டகைமுனுவின் மகன் சாலியவும் அசோகமாலாவும் என்று எல்லோரும் சொல்வார்கள். சாலிய வாழ்ந்தது கிறிஸ்துவுக்கு முந்திய இரண்டாம் நூற்றாண்டு. சிற்பத்தின் பாணியோ குப்தர் காலத்தை ஒட்டியது, ஏறக்குறைய கிறிஸ்துவுக்குப் பிந்திய ஆறாம் நூற்றாண்டு. இடையில் 700 வருடங்கள்! அவ்வளவு காலம் கழித்து அவர்களை நினைத்து ஒருவர் செதுக்கியிருக்கவும் கூடும்; வேறு யாரையாவது செதுக்கியிருக்கவும் கூடும். ஆனால் சுற்றுலாக் கூட்டத்துக்கு முன்னால் 'கூடும்' என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை.

எமது கடற்கரைக்கே உரிய ஒரு சிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலண்டனில் உள்ள பிரித்தானிய நூதனசாலையில் ஏறத்தாழ 143 சென்ரிமீற்றர் உயரமான ஒரு வெண்கலச் சிலை, பொன் முலாம் பூசிய பெண்ணுருவம், நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். இலங்கையில் ஆளுநராக இருந்த சேர் றொபர்ட் பிரவுன்றிக் 1830இல் அதை அந்த நூதனசாலைக்குக் கொடுத்தார். எங்கே கிடைத்தது? திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில், கிழக்குக் கரையில். நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஒரு கரையை 'இடையில்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்கள். எந்த ஊர், எந்தக் காணி, பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் புதைந்துவிட்டன.

இந்தச் சிலை யாருடையது என்பதிலும் கருத்து மாறியிருக்கிறது. முன்பு பத்தினித் தெய்வம் என்று கருதியவர்கள் இருந்தார்கள். கண்ணகி வழிபாடு வேரூன்றிய கரை இது என்பதால் அந்த எண்ணம் இயல்பானதே. பின்னர் கை முத்திரையையும் தலைக்கோலத்தையும் ஆராய்ந்து, மகாயான பௌத்தத்தின் தாரா தேவி என்று முடிவு செய்தார்கள். இன்று அவள் தாரா என்ற பெயரிலேயே உலகெங்கும் அறியப்படுகிறாள். விளையாட்டில் வரும் எட்டாவது வீராங்கனையைப் போலவே இவளும் தன் இடத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தூரத்துக் குளிரில் தனியாக நிற்கிறாள். கொழும்பு நூதனசாலையில் இருப்பது அவளது பிரதி மட்டும்தான்.

இவ்வளவையும் சொன்ன பிறகு நான் ஊகத்துக்கு எதிரானவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊகம் இல்லாமல் எந்த ஆய்வும் தொடங்குவதில்லை. "இது அரசனாக இருக்குமோ?" என்று ஒருவர் கேட்டதால்தான் இன்னொருவர் கிட்டப் போய் மகுடத்தைப் பார்த்தார். ஊகிக்கத் தெரியாத பிள்ளை கேள்வி கேட்கவும் தெரியாத பிள்ளை. நான் கேட்பது ஒன்றுதான்: ஊகத்தை ஊகம் என்று சொல்லி வையுங்கள்.

மருதமுனையில் பிறந்தவர்களுக்கு இதைத் தறியை வைத்து விளக்குவது இலேசு. தறியில் பாவு இருக்கிறது, ஊடை இருக்கிறது. பாவு நீளவாட்டில் இறுக்கிக் கட்டியிருக்கும். ஊடை குறுக்கே ஓடும். அழகும் நிறமும் பூவும் பெரும்பாலும் ஊடையில் வரும். ஆனால் பாவு கட்டாமல் நாடாவை எவ்வளவு வேகமாக வீசினாலும் துணி வராது, நூல்தான் சிக்கும். பாவு மட்டும் கட்டிவைத்து ஊடை ஓட்டாமல் விட்டாலும் உடுக்க ஒன்றும் கிடைக்காது. ஆதாரம் பாவு, கற்பனை ஊடை. நமது வட்ஸ்அப் வரலாறுகளில் பெரும்பாலானவை பாவில்லாமல் ஓட்டிய ஊடைகள்.

இந்த விடயத்தில் விளையாட்டு ரசிகர்களிடம் ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது. விளையாட்டிலேயே சொல்லப்பட்டது எது, ரசிகர்கள் ஊகித்தது எது என்று அவர்கள் இரண்டு பெட்டிகளாகப் பிரித்து வைக்கிறார்கள். ஒன்றை மற்றதில் போட்டால் மற்றவர்கள் விடமாட்டார்கள். "எந்தக் காட்சியில் சொன்னது? எந்தப் பொருளின் குறிப்பில் வருகிறது?" என்று கேட்டுத் துளைத்துவிடுவார்கள்.

2011இல் வந்த 'டார்க் சோல்ஸ்' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் அரசனின் மூத்த மகன் தவறு செய்து, அவனுடைய பெயரே வரலாற்றிலிருந்து அழிக்கப்பட்டிருக்கும். அவன் சிலையும் அகற்றப்பட்டிருக்கும். அந்த மகன் யார்? சூரியனைப் போற்றித் திரியும் ஒரு வீரன்தான் அவன் என்று ஏராளமான ரசிகர்கள் வருடக்கணக்கில் நம்பினார்கள். அந்த வீரன் எல்லோருக்கும் பிடித்த பாத்திரம். 2016இல் மூன்றாவது பாகம் வந்தது. அதில் கிடைத்த தடயங்கள் வேறொருவனை, பெயரே இல்லாத ஓர் அரசனைச் சுட்டின. பழைய ஊகம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. பிடித்த கதையை ஆதாரத்துக்காக விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய பண்பு என்று நினைத்துப் பாருங்கள். அசலான சிலைகளிலும் அப்படி நடந்திருக்கிறது. ஈஸ்டர் தீவின் கற்சிலைகள் கண்ணில்லாத முகங்கள் என்றே உலகம் நினைத்திருந்தது. 1978இல் பவளத்தால் செய்த கண்ணின் துண்டுகள் அங்கே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. குழிகளாகக் கிடந்த இடங்களில் ஒரு காலத்தில் வெள்ளை விழிகள் இருந்தன என்று தெரியவந்தது.

நமக்கும் இது புதிய ஒழுங்கல்ல. ஒரு ஹதீஸைக் கேட்டால் "யார் அறிவித்தார், அவர் யாரிடம் கேட்டார்" என்று சங்கிலியைத் தேடும் மரபில் வளர்ந்தவர்கள் நாம். ஸஹீஹ் என்றும் ளயீஃப் என்றும் இட்டுக்கட்டப்பட்டது என்றும் தரம் பிரித்துக் கற்கிறோம். அந்தக் கண்டிப்பில் பத்தில் ஒரு பங்கைத்தானே வட்ஸ்அப்பில் வரும் வரலாற்றுச் செய்திக்கும் கேட்கிறேன்?

"ஒரு முஸ்லிம் பிள்ளைக்குச் சிலைகளைப் பற்றி என்ன கதை?" என்று கேட்கும் மூத்தம்மாமார் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அறிவது வேறு, வணங்குவது வேறு என்பதுதான் என் பதில். ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் அல்பிரூனி இந்தியாவுக்கு வந்து, சமஸ்கிருதம் படித்து, அந்த மக்களின் நம்பிக்கைகளையும் வழிபாடுகளையும் திருவுருவங்களையும் பற்றிப் பெரிய நூல் எழுதினார். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பேசித்தான் அந்த நூலையே தொடங்குகிறார். தன் மார்க்கத்தில் எதையும் அவர் இழந்துவிடவில்லை. நம் அறிவுதான் கூடியது.

இனி, இதில் நமக்கு என்ன இலாப நட்டம் என்ற கேள்விக்கு வருகிறேன்.

விளையாட்டில் எட்டாவது வீராங்கனை யார் என்று தவறாக ஊகித்தால் யாருடைய காணியும் போகாது. ஆனால் எமது மாகாணத்தில் ஒரு கல்லுக்கு யாருடைய பெயர் என்ற கேள்வி, அது கிடக்கும் மண் யாருடையது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுகளை முகாமை செய்ய ஜனாதிபதி செயலணி ஒன்று வர்த்தமானி மூலம் அமைக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிமும் ஒருவர் கூட இல்லாமலே அது தொடங்கியது. அந்த நாட்களில் எமது ஊர்களில் பெரியவர்கள் பேசிக்கொண்டதில் கவலை இருந்தது. அந்தக் கவலை நியாயமானது. மூன்று சமூகங்கள் வாழும் மாகாணத்தின் பழமையை ஒரு சமூகத்தின் கண் மட்டும் பார்த்தால், எவ்வளவு நேர்மையான கண்ணாக இருந்தாலும், அது பார்க்கப் பழகியதைத்தான் முதலில் பார்க்கும்.

ஆனால் அந்தக் கவலைக்கு நாம் கொடுத்த பதில் என்ன? ஒரு பக்கத்தில் "எல்லாம் எங்களுடையது" என்ற செய்தி வந்தால், மறு பக்கத்தில் "இல்லை, எல்லாம் எங்களுடையது" என்று இன்னொரு செய்தியைப் பகிர்கிறோம். அவர்களது ஊகத்துக்கு எதிராக நமது ஊகம். பொலன்னறுவைச் சிலையைப் பாருங்கள்: சிங்களவருக்கு மன்னனாகத் தெரிகிறது, தமிழருக்கு அகத்தியராகத் தெரிந்தால் இனிக்கிறது. அவரவர் விருப்பத்துக்குக் கல் தலையாட்டாது. ஊகத்தை ஊகத்தால் வெல்ல முடியாது, சத்தம்தான் கூடும். ஆதாரத்தோடு பேசத் தெரிந்தவர்கள் நம் பக்கத்திலும் இருந்தால்தான் அந்த மேசையில் நமக்கு ஒரு கதிரை கேட்க முடியும்.

கல் தானாகவே பேசும் போது அது பெரும்பாலும் நாம் எதிர்பார்த்ததை விடப் பெரிய மனதோடு பேசுகிறது. 1911இல் காலியில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணங்களோடு தொடர்புடையது. 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்டது. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அதில் மூன்று மொழிகள். சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தெனாவரை நாயனாருக்குக் காணிக்கை. பாரசீகத்தில் இஸ்லாமிய மரபை ஒட்டிய காணிக்கை. ஒரே கல், மூன்று சமூகங்களுக்கும் மரியாதை. இந்தக் கல்லில் எழுத்து இல்லாமல் போயிருந்தால் அதன் பேரிலும் மூன்று சமூகங்களும் இன்று சண்டை பிடித்துக்கொண்டிருக்கலாம். எழுத்து இருந்ததாலும், அந்த மூன்று மொழிகளையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததாலும் நாம் தப்பினோம்.

பாவாத மலையையும் நினைத்துக்கொள்கிறேன். 2,243 மீற்றர் உயரத்தில் ஒரு பாதச் சுவடு. பௌத்தருக்குப் புத்தருடையது, இந்துக்களுக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுடையது. கிறிஸ்தவர்களில் தோமையாருடையது என்போரும் உண்டு. இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தபோது அந்த மலையில் ஏறினார். ஒரே அடையாளத்துக்கு நான்கு பெயர்கள் இருந்தும் எல்லோரும் ஒரே படிகளில் ஏறிய காலம் அது. அடுத்தவன் வைத்த பெயரை அழிக்காமலே நம் பெயரைச் சொல்ல முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே இவ்வளவு உயரமான சாட்சி இருக்கிறது.

ஆகவே எனது வேண்டுகோள்கள் மூன்று.

முதலாவது, எனது சகோதரிகளுக்கு. அடுத்த சுற்றுலாவில் ஒரு சிலைக்கு முன்னால் நின்று செல்பி எடுத்த பிறகு, வழிகாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது இன்னார் என்று எப்படித் தெரியும்?" கல்வெட்டு இருக்கிறதா, பழைய நூலில் வருகிறதா, பாணியை வைத்துச் சொல்கிறார்களா, ஊரார் சொல்வதா? இந்த நான்கும் நான்கு விதமான பதில்கள். நான்காவதும் குறைந்ததல்ல, ஊர்க்கதை ஊராரின் மனதைப் பற்றிய ஆதாரம். ஆனால் அது சிலையைப் பற்றிய ஆதாரமாகிவிடாது. இப்போது செயற்கை நுண்ணறிவு கொண்டு இல்லாத சிலைக்கும் இருப்பது போலப் படம் செய்துவிடுகிறார்கள். ஆகவே பகிர்வதற்கு முன்னால், அந்தச் சிலை எங்கே இருக்கிறது, யார் படம் பிடித்தார் என்றாவது கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் விரலைத் திரையிலிருந்து எடுங்கள்.

இரண்டாவது, பெற்றோருக்கு. உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்த மகளைப் பார்த்து "இனி ரீச்சராகத்தான் போகலாம்" என்று முடித்துவிடாதீர்கள். ஆசிரியத் தொழில் உயர்ந்தது. அதுவே ஒரே வாசல் என்று சொல்வதுதான் பிழை. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் களனியிலும் தொல்லியல் கற்பிக்கிறார்கள். பிராமி எழுத்து வாசிக்கத் தெரிந்த, சிங்களமும் தமிழும் ஒழுங்காக எழுதத் தெரிந்த, மண்ணைக் கிண்டும்போது எந்த அடுக்கில் எது கிடந்தது என்று பதிவு செய்யத் தெரிந்த முஸ்லிம் பெண்கள் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? செயலணியில் நம்மவர் இல்லை என்று நாளை முறையிடுவதற்கு முன்னால், இருக்கத் தகுதியான ஒருத்தியை இன்று வீட்டிலிருந்து அனுப்புங்கள். வெயிலில் நிற்க வேண்டும், தூர இடங்களுக்குப் போக வேண்டும் என்ற பயம் விளங்குகிறது. வயலிலும் தறியிலும் நின்ற பெண்களின் பேத்திமார்தானே நாங்கள்? அந்த வெயில் எங்களுக்குப் புதிதல்ல.

மூன்றாவது, எல்லோருக்கும் சேர்த்து. மற்றவர்களின் சிலைகளுக்குப் பெயர் தேடுவதோடு, நமது ஊரின் பழைய பொருட்களுக்கும் பெயரும் நாளும் எழுதி வையுங்கள். நமது வீடுகளில் பழைய தறிகள், ஓலைப்பெட்டிகள், அறபுத் தமிழில் எழுதிய கையேடுகள், யாருடையது என்று தெரியாத புகைப்படங்கள் இருக்கின்றன. 2004 டிசம்பரில் கடல் ஏறி வந்தபோது இந்தக் கரையில் எவ்வளவோ போய்விட்டது. மிஞ்சியவற்றில் பாதிக்கு "இது ஆருடையது?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு மூத்தம்மா மட்டுமே இருப்பார். அவர் சொல்வதை எழுதுங்கள். யார் சொன்னார், எப்போது சொன்னார், அவருக்கு யார் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பொலன்னறுவைச் சிற்பி தன் பாறையில் ஒரு வரி எழுதியிருந்தால் இத்தனை நூற்றாண்டு விவாதம் மிஞ்சியிருக்கும். அந்த ஒரு வரியை நாமாவது எழுதிவிடுவோம்.

அதன் பிறகு தம்பிமார் எட்டாவது வீராங்கனையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். பக்கத்தில் இருந்து கேளுங்கள். "எங்கே பார்த்தாய், எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று அவனிடம் கேளுங்கள். அவன் பதில் வைத்திருப்பான்.